புதுப்பிப்பு: பவர் கண்டிஷனர் விஷயம் ஒரு வழியாக முடிந்தது

மாலையானால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிறது, ஸ்பீக்கரில் இரைச்சல், எந்தப் பவர் கண்டிஷனர் (ஆடியோ கருவிகளுக்கு மின்சாரத்தைச் சுத்தம் செய்து தரும் பெட்டி) வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் எர்த்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான் தங்கம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 9 வோல்ட் காட்டியது. 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எர்த் குழி காய்ந்து, செம்புப் பட்டை பச்சை பூத்துக் கிடந்தது. புது எர்த் போட்டதும் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

உறுமல் வேறு கதை. ஹேர் டிரையரைப் பாதிச் சூட்டில் ஓடவிட்டேன், உறுமல் சட்டென்று ஏறியது. பாதிச் சூட்டில் டிரையருக்குள் இருக்கும் டையோடு மின் அலையின் ஒரு பாதியை மட்டும் விடும். அதனால் லைனில் கொஞ்சம் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கலக்கிறது, ஆம்பில் இருக்கும் வளைய வடிவ டோராய்டல் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஆகவே ஆகாது. ஆம்புக்கு முன்னால் அந்த டிசியைத் தடுக்கும் டிசி பிளாக்கர் ஒன்று வைத்தேன், அமைதி.

அப்புறம் கண்டிஷனர். இங்கே மாலையில் 195 வோல்ட், நள்ளிரவில் 245. ஃபில்டர் மட்டும் உள்ள பெட்டி இதைச் சரிசெய்யாது. அதனால் மின்சாரத்தை டிசியாக்கி மறுபடி நிலையான வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸ் அலையாகத் தரும் சிறிய ரீஜெனரேட்டர் எடுத்தேன். டாக் (டிஜிட்டல் இசையை ஒலி சிக்னலாக்குவது), ஃபோனோ (இசைத்தட்டு சிக்னலைப் பெருக்குவது), ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முந்தைய கட்டம்) மட்டும் அதில். பவர் ஆம்ப் வீட்டு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிபி பெட்டியிலிருந்து தனி 4 சதுர மில்லிமீட்டர் வயரில் ஓடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி அடி இப்போது முழு கனத்தோடு விழுகிறது.

ஃபிரிட்ஜ் ஆன் ஆகும்போது ஃபோனோவில் வரும் 'டக்' மட்டும் பாக்கி. ஃபிரிட்ஜுக்கு, சுவிட்ச் ஆகும்போது வரும் மின் துள்ளலை அடக்கும் ஸ்னப்பர் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.