கிளியை மதுரைக்குக் கொண்டு வரணும், அவசர உதவி

வில்லாபுரம் தம்பி:
அண்ணன் குடும்பத்தோட ஊருக்கே வந்துர்றார். இன்னும் பத்து நாள்தான், மதுரைக்கு நேர் விமானம். கிளியையும் கொண்டு வரணும். டாக்டர் சர்டிபிகேட் வாங்கியாச்சு. வேற பேப்பர் எதுவும் வேணுமா?

செல்லூர் கூண்டு:
எந்த நாட்டுல இருந்து? என்ன கிளி? காலில் வளையம் இருக்கா? குஞ்சுலயே மாட்டுன மூடுன வளையமா, பிறகு மாட்டுற திறந்த வளையமா?

திருமங்கலம் கால்நடை மருத்துவர்:
சர்டிபிகேட்டில் கையெழுத்து யாருடையது? தனியார் கிளினிக் தாள் மட்டும் போதாது, அந்த நாட்டு அரசு கால்நடை மருத்துவர் ஒப்பம் வேணும்.

அண்ணாநகர்வாசி:
ரெண்டு வருஷம் வெளிநாட்டுல இருந்து திரும்புறவங்க ரெண்டு செல்லப்பிராணியை பேக்கேஜ்லயே கொண்டு வரலாம். தைரியமா ஏத்துங்க.

பழைய உறுப்பினர்:
கேட்கிறவரும் விவரம் சொல்லலை, பதில் சொல்றவரும் யோசிக்கலை. பேக்கேஜ் சலுகை சுங்கத்தோட முடிஞ்சுது, சைட்டிஸ் (அருகிவர்ற உயிரினங்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) அதுக்குள்ள வராது. இதுகூடத் தெரியாம "தைரியமா ஏத்துங்க"ன்னு எழுதுறது தப்பு. மதுரை விமான நிலையத்துல விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையமே கிடையாது. தமிழ்நாட்டுல சென்னையிலதான் இறக்கணும்.

வில்லாபுரம் தம்பி:
துபாய். சாம்பல் கிளி, சிவப்பு வால். மூடுன வளையம்தான். பில்லைத் தேடிக்கிட்டு இருக்கார்.

சரக்கு முகவர்:
அப்ப பத்து நாளை மறந்துருங்க தம்பி. ஆப்பிரிக்க சாம்பல் கிளி 2017 ஜனவரி 2-லிருந்து சைட்டிஸ் முதல் பட்டியல்ல இருக்கு, கட்டுப்பாடு அதிகமுள்ள பட்டியல் அது. இந்தப் பட்டியலுக்கு இறக்குமதி அனுமதி கையில இருந்தாத்தான் அந்த நாடு ஏற்றுமதி அனுமதியே தரும். நிறையப் பேர் அங்கிட்டு முதல்ல மனுப் போட்டு வாரக்கணக்கா காத்துக் கிடக்காங்க. வேலை இங்கிட்டுத்தான் தொடங்கணும்.

தமிழ்நாட்டுத் தலைமை வன உயிரினக் காப்பாளர்கிட்ட தடையின்மைச் சான்று. அதை வச்சு வெளிநாட்டு வணிக இயக்குநரகத்துல உரிமம். அப்புறம் சைட்டிஸ் இறக்குமதி அனுமதி. அதைக் காட்டி துபாயில ஏற்றுமதி அனுமதி. சென்னை தனிமைப்படுத்தல் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுதி சம்மதம் வாங்குங்க. ஏற்றுமதி அனுமதி ஆறு மாசம்தான் செல்லும், அதுக்குள்ள பறவை வந்து சேரணும். உடல்நலச் சான்றைக் கடைசியா, கிளம்புறதுக்கு ஒட்டி எடுங்க. இப்ப வாங்குனது அதுக்குள்ள பழசாயிரும்.

பில் கட்டாயம் வேணும். கூண்டுல பொரிச்ச பறவைன்னு காட்ட அதுதான் ஆதாரம். வளைய எண் எல்லாத் தாளிலும் ஒண்ணா இருக்கணும். ஒரு இலக்கம் பிசகினாலும் பறவை நின்னுரும்.

அண்ணாநகர்வாசி:
ஒரு கிளிக்கு இவ்வளவா? தெருவுக்குத் தெரு லவ் பேர்ட்ஸ் விக்கிறாங்க, எவன் பேப்பர் கேட்டான்?

செல்லூர் கூண்டு:
நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கிறதுல பாதி பட்ஜெரிகர்ங்கிற சின்னக் கிளிண்ணே. அது சைட்டிஸ்லயே இல்லை. காக்கட்டீல் கிளியும் இல்லை. நிஜ லவ்பேர்ட்ல பீச் ஃபேஸ் மட்டும் விலக்கு, மத்தது ரெண்டாம் பட்டியல். அதனாலதான் மனுவுல கடைப்பேரை எழுதாம அறிவியல் பேரை எழுதச் சொல்றது.

அண்ணாநகர்வாசி:
பச்சைக்கிளி? மீனாட்சி கையிலேயே இருக்கு.

பழைய உறுப்பினர்:
அம்மன் கையில இருக்கிறதுக்கும் கூண்டுல அடைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? பச்சைக்கிளி நம்ம காட்டுப் பறவை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுல வைக்கவே கூடாது. சைட்டிஸ் பட்டியல்ல இல்லைங்கிறதால அது சட்டப்படி சரியாயிராது. தலைப்பை விட்டு விலகாதீங்க.

திருமங்கலம் கால்நடை மருத்துவர்:
சோதனை விஷயத்துக்கு வர்றேன். பறவைக் காய்ச்சல், வெள்ளைக்கழிச்சல், கிளிக்காய்ச்சல் மூணுக்கும் தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் சளி எடுத்து பிசிஆர் பார்க்கச் சொல்லுங்க. கிளிக்காய்ச்சல் கிருமி எச்சத்துல விட்டுவிட்டுத்தான் வரும். ஒரே நாள் மாதிரியை நம்ப வேண்டாம், சில நாள் எச்சத்தைச் சேர்த்து அனுப்பணும். வளையம் காலை இறுக்கினா அண்ணன் தானா வெட்டிரக் கூடாது. மருத்துவர் வெட்டி, எண்ணை எழுதிக் கொடுத்து, மார்புத் தசையில 15 இலக்க சிப் வைக்கணும்.

கூண்டு வெறும் ப்ளைவுட் வேண்டாம், சாம்பல் கிளி கடிச்சு ஓட்டை போட்டுரும். உள்பக்கம் பற்றவைத்த கம்பி வலை, நிக்க ஒரு குச்சி, வெளியில இருந்தே தண்ணி ஊத்துற கிண்ணம்.

சரக்கு முகவர்:
விட்டுப்போச்சு. பறவை வந்து 30 நாளுக்குள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும். 2024 விதி.

வில்லாபுரம் தம்பி:
பில் கிடைச்சிருச்சு. கிளி இப்ப வரலை, அங்க அண்ணனோட கூட்டாளி வீட்டுல இருக்கும். வனத்துறைக்கு மனு எழுதியாச்சு. நன்றிண்ணே.