ரைட்டிங்கில் மட்டும் 5.5: முழுத் தேர்வையும் மறுபடி எழுதுவதா?

கெடிலக்கரை:

வணக்கம். ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து நாலு வருடமாக சிப்காட்டில் ஒரு கம்பெனியின் க்யூ.சி. லேபில் (சரக்கின் தரத்தைச் சோதிக்கும் இடம்) ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அயர்லாந்தில் ஒரு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அவர்கள் கேட்பது ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6-க்குக் கீழே போகக் கூடாது.

போன செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. லிசனிங் 7.5, ரீடிங் 6.5, ஸ்பீக்கிங் 6, ரைட்டிங் 5.5. கூட்டி நாலால் வகுத்தால் 6.375, அதை அவர்களே 6.5 ஆக்கிவிடுவார்கள். ஆக, மொத்தத்தில் பாஸ், ரைட்டிங்கில் அரை பேண்டில், அதாவது அரை மதிப்பெண்ணில், ஃபெயில். ஒரே ஒரு பாராமீட்டர் ஸ்பெக்கைத் தாண்டினாலும் லேபில் முழு பேட்சையும் நிறுத்தி வைப்போம். இப்போது என்னையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எப்படிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எங்கே தப்பு என்று உங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் சனி, ஞாயிறு பாண்டிச்சேரியில் ஒரு கோச்சிங் சென்டர். பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு லிசனிங் டெஸ்ட் போடுவேன். தேர்வில் ஆடியோ ஒரே தடவைதான் ஓடும், அதனால் பஸ்ஸிலும் பின்னால் ஓட்டிக் கேட்பதில்லை என்று விரதம். தவளக்குப்பத்தில் கண்டக்டர் விசில் அடித்ததில் ஒரு விடை போனால் போனதுதான். 7.5 வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அரியாங்குப்பம் நெரிசலுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ரைட்டிங்குக்கு சென்டரில் பன்னிரண்டு பக்க ஜெராக்ஸ் ஒன்று கொடுத்தார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தும் தொடக்கம், நடு, முடிவு. மனப்பாடம் செய்தேன். முப்பதுக்கு மேல் கட்டுரை எழுதிக் கொடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் சிவப்பு டிக், கீழே ‘குட்’. தேர்வு ஹாலில் இருந்து வெளியே வரும்போது 7 வரும் என்று நம்பிக்கொண்டுதான் வந்தேன்.

பயிற்சிக்கு எழுதிய ஒன்றின் தொடக்கத்தைத் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், சிரிக்காதீர்கள். தலைப்பு: நகர மையங்களில் தனியார் கார்களைத் தடை செய்ய வேண்டும், நீங்கள் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?

‘இன் திஸ் மாடர்ன் எரா, டிரான்ஸ்போர்ட்டேஷன் இஸ் பிளேயிங் எ வைட்டல் ரோல் இன் அவர் டே டு டே லைஃப். எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ். சம் பீப்புள் ஆர் சேயிங் தட் கார்ஸ் ஷுட் பி பேன்ட். லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் இட் இன் டீட்டெய்ல்.’

என் கேள்வி: மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா? இல்லை மறுபடி முழுத் தேர்வா? கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு, வீட்டில் இரண்டாவது தடவை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அப்புறம், ஷிஃப்ட் வேலையில் இருந்துகொண்டு ரைட்டிங் மட்டும் பயிற்சி செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சில்வர்பீச் நண்டு:

கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால் முழுத் தேர்வு வேண்டாம். ‘ஒன் ஸ்கில் ரீடேக்’ என்று இருக்கிறது, ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதலாம். முதல் தேர்வு நாளில் இருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும், ஒரு தேர்வுக்கு ஒரு தடவைதான். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள் ப்ரோ.

மறுமதிப்பீடு ஆறு வாரத்துக்குள் போடலாம், மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். நான் போட்டேன். அதே 5.5 பத்திரமாகத் திரும்பி வந்தது.

முத்தியால்பேட்டைக்காரி:

தம்பி, சிரிக்கவில்லை. இதே ‘மாடர்ன் எரா’வை எழுதி நானும் இரண்டு தடவை 5.5 வாங்கினவள். மூன்றாவது தடவை 6.5. நடுவில் என் ஆங்கிலம் ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை, கேள்வியைப் படிக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மறுமதிப்பீட்டை மறந்துவிடுங்கள். நீங்கள் போட்டிருக்கும் நாலு வாக்கியத்தைப் பார்த்தால் 5.5 சரியான மதிப்பெண் என்றே தோன்றுகிறது. கோபப்படாதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

ரைட்டிங்கை நாலு விஷயத்துக்குப் பார்க்கிறார்கள், நாலுக்கும் சம எடை: கேட்டதற்குப் பதில் சொன்னோமா, பத்திகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நகர்கின்றனவா, சொல்வளம், இலக்கணம். நம் ஆட்கள் எல்லோரும் மூன்றாவதிலேயே உயிரை விடுகிறோம். முதலாவதில் கோட்டை விடுகிறோம். கேள்வி ‘எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்’ என்பது. உங்கள் நாலு வாக்கியத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்று எங்காவது இருக்கிறதா? முதல் வாக்கியம் போக்குவரத்து முக்கியம் என்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. இரண்டாவது நாணயத்துக்கு இரண்டு பக்கம். நாலாவது ‘வாருங்கள் விரிவாகக் காண்போம்’. பள்ளிக்கூடத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிப் பக்கத்தை நிரப்பின கை அது. அங்கே பக்கத்துக்கு மார்க் கிடைத்தது.

இப்போது ஒன்று செய்யுங்கள். ஆங்கிலத்தை விட்டுவிட்டு, இதே கேள்வியை உங்கள் லேப் நண்பர் டீக்கடையில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன சொல்வேன் தெரியுமா? ‘எங்கள் பாண்டிச்சேரி பீச் ரோட்டில் தினமும் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையைக் கீழே இறக்கி நிம்மதியாக நடக்க விடலாம், அது நல்லதுதான். ஆனால் அந்த வண்டி எல்லாம் ஆவியாகவா போகிறது? பக்கத்துத் தெருக்களில் போய் நிற்கிறது, சனிக்கிழமை அங்கே குடியிருப்பவர் தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை எடுக்க முடியாது. அதனால் தடை போடு, ஆனால் முதலில் வண்டி நிறுத்த இடம் கட்டு.’ இதில் என் நிலைப்பாடு இருக்கிறது, காரணம் இருக்கிறது, எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சொந்த அனுபவத்தில் இருந்து உதாரணம் தரலாம் என்று கேள்வித்தாளிலேயே போட்டிருப்பார்கள். லண்டனைத் தேடிப் போகாதீர்கள், பீச் ரோடு போதும். இதை எளிய ஆங்கிலத்தில் 250 வார்த்தைக்குக் கொஞ்சம் மேலே எழுதினால் 6 தாண்டும்.

ரைட்டிங்கில் இரண்டு டாஸ்க், இந்தக் கட்டுரை இரண்டாவது. முதல் டாஸ்க் உங்களுக்கு அல்வா மாதிரி இருக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து 150 வார்த்தை. சரக்கு நாளாக ஆக எப்படி மாறுகிறது என்று காட்டும் ஸ்டெபிலிட்டி டேட்டாவை நீங்கள் மேனேஜரிடம் கொண்டுபோனால் அவர் ‘என்னப்பா நிலவரம்?’ என்பார். ‘ஈரப்பதம் மட்டும் மாதா மாதம் ஏறிக்கொண்டே வருகிறது சார், மற்றதெல்லாம் அப்படியே’ என்பீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பெயர்தான் ஓவர்வியூ. அது இல்லாமல் எண்களை மட்டும் வரிசையாக அடுக்கினால் மதிப்பெண் ஏறாது. ஏன் ஏறியது என்று காரணம் கற்பிக்கவும் கூடாது, அது நீங்களே லேபில் செய்ய மாட்டீர்கள்.

மொத்தம் 60 நிமிடம். இரண்டாவது டாஸ்க்குக்கு இரண்டு மடங்கு எடை, அதற்கு 40 நிமிடத்தைக் காப்பாற்றி வையுங்கள். திரையில் வார்த்தை எண்ணிக்கை தெரியும், ஆனால் எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது. அதனால் வீட்டிலும் அந்த வசதியை அணைத்துவிட்டு டைப் செய்யுங்கள்.

பயிற்சி: முப்பது கட்டுரை எழுதாதீர்கள். ஒன்றையே மூன்று தடவை எழுதுங்கள். நான் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கடிகாரம் வைத்து எழுதுவேன். அடுத்த நாள் தொட மாட்டேன். மூன்றாம் நாள் வேறு யாரோ எழுதியது மாதிரி எடுத்துத் திருத்துவேன். அப்புறம் அதைப் பார்க்காமல் மறுபடி எழுதுவேன். உங்களுக்கு ஷிஃப்ட் இருப்பதால், பகல் ஷிஃப்ட் வாரத்தில் எழுதுங்கள், நைட் ஷிஃப்ட் வாரத்தில் திருத்த மட்டும் செய்யுங்கள். தூங்காத கண்ணோடு எழுதினால் பழைய ஜெராக்ஸ்தான் கையில் வரும். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பழைய வாத்தியார்:

கடலூரில் முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். மேலே அந்த அம்மா சொன்னது அத்தனையும் சரி, ஜெராக்ஸைக் கிழிக்கச் சொன்னதைத் தவிர. ‘ஹவ்எவர்’, ‘ஃபார் எக்ஸாம்பிள்’, ‘ஆஸ் எ ரிசல்ட்’ மாதிரி நாலைந்தை வைத்துக்கொள் தம்பி. கதவுக்குக் கீல் வேண்டும். உன்னுடையதில் கீல் மட்டும் இருக்கிறது, கதவைக் காணோம்.

நான் இலக்கணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உன் பத்தியில் இருக்கும் தவறுகள் அறியாமையால் வந்தவை அல்ல, தமிழால் வந்தவை. ‘சொல்கிறார்கள்’ என்று தமிழில் ஒரே வடிவம். எப்போதும் சொல்வதற்கும் அதுதான், இந்த நிமிடம் சொல்லிக்கொண்டிருப்பதற்கும் பல நேரம் அதையே போட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் அது இரண்டு. பொதுவாக மக்களின் கருத்து என்றால் ‘சம் பீப்புள் ஸே’. ‘ஆர் சேயிங்’ என்றால் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆகும். அதே மாதிரி ‘இஸ் பிளேயிங்’. அப்புறம் ‘அதைப் பற்றி விவாதிப்போம்’ என்பதில் இருக்கும் ‘பற்றி’தான் ‘அபவுட்’ ஆகி வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘த’வும் (the) ‘எ’வும் (a). ‘பேட்ச் ஃபெயில்’ என்று நீ லேபில் சொன்னால் எந்த பேட்ச் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். தமிழ் அதைக் கேட்பவர் தலையில் விட்டுவிடுகிறது, ஆங்கிலம் எழுதுபவர் தலையில் கட்டுகிறது. அதனால் திருத்தும்போது எல்லாத் தவறையும் ஒரே மூச்சில் தேடாதே. முதல் சுற்றில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லாக விரலை வைத்து, ‘எது என்று படிப்பவருக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேள். இரண்டாவது சுற்றில் வினைச்சொற்களை மட்டும் பார். சத்தம் போட்டுப் படி. வீட்டில் ஏதாவது சொல்வார்கள், பரவாயில்லை. ஸ்பீக்கிங்குக்கும் அது ஆகும்.

ஆங்கிலத் தலையங்கம் படி என்று எல்லோரும் சொல்வார்கள். படி. அந்த நடையில் எழுதப் பார்க்காதே, அந்தச் சட்டை உனக்கு இன்னும் பெரிது.

கெடிலக்கரை:

அக்கா, சார், ப்ரோ, மூன்று பேருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அட்மிஷன் ஆபீஸில் இருந்து ஒன் ஸ்கில் ரீடேக் ஏற்போம் என்று மெயில் வந்துவிட்டது. 60 நாள் முடிய இன்னும் நாள் இருக்கிறது, தேதி எடுத்துவிட்டேன். வீட்டில் அப்பாவிடம் ரிசல்ட் தாளைக் காட்டி ‘மூன்று பாஸ், ஒன்று மட்டும் அரியர்’ என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

கார் கட்டுரையை மூன்று தடவை எழுதிவிட்டேன். சார் சொன்ன மாதிரி விரலை வைத்துப் பார்த்தால் முதல் பிரதியில் பதினொரு இடத்தில் ‘த’ இல்லை. பதினொன்று! முப்பது கட்டுரைக்கு ‘குட்’ போட்ட கை எது என்று இப்போது யோசிக்கிறேன். டாஸ்க் ஒன்றுக்கு அக்கா சொன்ன ‘என்னப்பா நிலவரம்’ வேலை செய்கிறது. எங்கள் மேனேஜர் குரலிலேயே மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது பிரதியின் தொடக்கம் இது, ஒரே வாக்கியம்: ‘ஐ அக்ரீ தட் பிரைவேட் கார்ஸ் ஷுட் பி கெப்ட் அவுட் ஆஃப் சிட்டி சென்டர்ஸ், பட் ஓன்லி ஆஃப்டர் கவர்ன்மென்ட் ஹாஸ் பில்ட் பார்க்கிங் அவுட்சைட் தெம்.’

நாளை முதல் நைட் ஷிஃப்ட், அதனால் திருத்தம் மட்டும்.

முத்தியால்பேட்டைக்காரி:

நாணயம் காணாமல் போனதே பெரிய விஷயம் தம்பி. இது பதில்.

பழைய வாத்தியார்:

நல்ல வாக்கியம். கவர்ன்மென்ட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய ‘த’ எங்கே?

கெடிலக்கரை:

தவளக்குப்பத்தில் இறங்கிவிட்டது சார். பன்னிரண்டு.