வீட்டில் இருந்தும் மகளோடு இல்லாத மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம்?

என் மகளுக்கு ஆறு வயது. போன வாரம் அவளிடம், "பல் இன்னும் ஆடுதாடா?" என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினாள். கீழ்வரிசையில் பல் இருந்த இடம் காலி. "அது முந்தாநாளே விழுந்துடுச்சுப்பா" என்றாள். அந்த இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். அவள் கோபப்படவில்லை, சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வேலை முடிந்து வரும்போது இரவு எட்டு மணி. ஒன்பதுக்கு அவள் தூங்கிவிடுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் புதிர் அட்டைகள் வாங்கி வைத்தேன். பத்து நிமிடத்தில் அவளுக்கு அலுத்துவிடுகிறது. "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றால், "ஒண்ணுமில்ல" என்கிறாள். இதைக் கடந்து வந்த அப்பாக்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1

எனக்கு ஒன்பது வயதில் மகன், ஐந்து வயதில் மகள். புதுசாக எதுவும் வாங்க வேண்டாம் நண்பரே. அவளுக்கு அன்றாடம் நடக்கிற வேலைகளில் ஒன்றை முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்தது நகம் வெட்டுவது. பத்து விரலுக்கும் நேரம் பிடிக்கும், கை என் கையில் இருக்கும், இரண்டு பேருமே விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். முகத்தைப் பார்த்துக் கேட்டால் வராத பேச்சு அப்போது தானாக வரும். வகுப்பில் ஒரு பையன் தன்னைத் தள்ளிவிடுவதை என் மகன் சொன்னது ஏழாவது விரலிலோ எட்டாவது விரலிலோதான்.

மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களில் அப்பாவின் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். குழந்தையோடு நேரடியாகச் சேர்ந்து ஏதாவது செய்வது, கூப்பிட்டால் கிடைக்கிற தூரத்தில் இருப்பது, பொறுப்பு. இந்தப் பொறுப்பில் நினைவில் வைத்திருப்பதும் அடக்கம். தடுப்பூசி எப்போது, செருப்பு பத்துகிறதா, எந்தப் பல் ஆடுகிறது என்பதெல்லாம். நான் பல வருஷம் விளையாட்டு மட்டும் போதும் என்று நினைத்தேன். உங்களுக்கு விட்டுப்போனதும் இந்த மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. நேரம் குறைவு என்பது அதற்கு அடுத்த பிரச்சினை.

பதில் 2

நான் ஒரு அம்மா. அந்த ஒரு மணி நேரத்தில் ஃபோன் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்று உண்டு. கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் பார்க்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதற்கும் பலன் இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது ஃபோனைப் பற்றிய சோதனை இல்லைதான். ஆனால் திரையைப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அம்மா மறுபடி பேச ஆரம்பித்ததும் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் மகளுக்கு ஆறு வயதுதான் ஆகிறது.

பதில் 3

இரவு எட்டு மணிக்கு ஆறு வயதுக் குழந்தை களைத்துப் போயிருக்கும். காலையில் பாருங்கள். பள்ளிக்குக் கிளப்புகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், அரை மணி நேரம் கிடைக்கிறது.

கேட்டவர், மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி. ஃபோன் என் பக்கத்தில்தான் இருந்தது அம்மா. இப்போது வந்ததும் வேறு அறையில் வைத்துவிடுகிறேன்.

காலையில் தலை பின்னிவிடுவது இனி என் வேலை. முதல் வாரம் வகிடு கோணலாகவே வந்தது. அவள் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். நேற்று பின்னிக்கொண்டிருக்கும்போது என் ஆள்காட்டி விரலைப் பிடித்து வாய்க்குள் கொண்டுபோனாள். "இதுவும் ஆடுது, தொட்டுப் பாருப்பா" என்றாள். விழுந்த பல்லுக்கு அடுத்த பல். லேசாகத்தான் ஆடுகிறது.