என்.எச்.எஸ். வார்டில் எச்.சி.ஏ. வேலை: கேர் சர்ட்டிஃபிகேட்டை முன்கூட்டியே காசு கட்டி எடுக்க வேண்டுமா?

மதுரைப்பொண்ணு:
வணக்கம். டிபென்டென்ட் விசாவில் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன், வேலை பார்க்க அனுமதி உண்டு. படித்தது பி.காம்., ஆஸ்பத்திரி அனுபவம் கிடையாது. இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் (எச்.சி.ஏ., நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர்) வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஆன்லைனில் ஒரே நாளில் கேர் சர்ட்டிஃபிகேட் தருவதாகவும், அது இல்லாமல் இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டார்கள் என்றும் ஒரு ஏஜென்சியில் சொல்கிறார்கள். கட்டலாமா? வேலையில் சேர்ந்த பிறகு பயிற்சி எப்படி நடக்கும், எதில் ஆட்கள் சறுக்குகிறார்கள்?

வார்டு_நம்பர்_7:
கட்டாதீங்க. கேர் சர்ட்டிஃபிகேட் என்பது புது உதவியாளர்களுக்கான அடிப்படைப் பயிற்சிச் சான்று. உதவியாளர்கள் பற்றி 2013-இல் வந்த கேவென்டிஷ் அறிக்கையின் பரிந்துரையில் பிறந்து, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 15 பகுதிகள். 2025-இல் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய பகுதி சேர்ந்து இப்போது 16. ஒவ்வொன்றிலும் பாதி அறிவு, பாதி செயல். அறிவுப் பகுதியைக் கம்ப்யூட்டரில் படிக்கலாம். செயல் பகுதியை, உங்களை வேலைக்கு எடுத்தவர் நியமிக்கும் ஆள் வார்டில் நேரில் நின்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட முடியும். ஒரே நாளில் விற்கிற காகிதத்தில் இந்தப் பாதி இருக்கவே முடியாது. அதைக் காட்டினாலும் டிரஸ்டில் (ஆஸ்பத்திரியை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்பு) மறுபடி முதலிலிருந்துதான் செய்யச் சொல்வார்கள்.

சேர்ந்த முதல் 12 வாரத்துக்குள் முடிப்பது வழக்கம், செலவு டிரஸ்டுடையது. முதலில் வகுப்பறை நாட்கள்: தூக்கி நகர்த்தும் முறை, தொற்றுத் தடுப்பு, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி). அதில் மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. வார்டில் யாராவது சாய்ந்தால் ஆஸ்பத்திரிக்குள் அழைக்கும் எண் 2222; வெளியே ஆம்புலன்ஸுக்கு அழைக்கும் 999 இல்லை. அப்புறம் சில ஷிஃப்ட்கள் கணக்கில் சேராத கூடுதல் ஆளாக, இன்னொருவர் கூடவே நடக்க விடுவார்கள். அந்த ஷிஃப்ட்களில் ஆள் குறைவு என்று உங்களைத் தனியே ஒரு பேவில் (சில கட்டில்கள் சேர்ந்த பகுதி) விட்டால், வார்டு மேனேஜரிடம் தயங்காமல் சொல்லுங்க.

விண்ணப்பத்துக்குத் தேவை வேறு: என்ஹான்ஸ்டு டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச் சோதனை), ஷேர் கோடு (வேலை பார்க்கும் அனுமதியைக் காட்டும் ஆன்லைன் எண்), ரெஃபரன்ஸ், ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட தடுப்பூசி விவரம். இன்டர்வியூவில் அனுபவத்தைவிட மனப்பாங்கைத்தான் துருவுவார்கள். வீட்டில் முதியவரையோ குழந்தையையோ கவனித்ததும் உதாரணமாக எடுபடும்.

இன்னொன்று, ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவையுங்க. வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்கும் வழி 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. சர்ட்டிஃபிகேட்டும் ஸ்பான்சரும் சேர்த்துத் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
மேலே சொன்னது சரி. ஆட்கள் சறுக்கிற இடம் ஆப்ஸ்தான் (நாடி, மூச்சு, பிரஷர் எல்லாம் அளந்து எழுதுறது) தங்கச்சி, அதைக் கொஞ்சம் விரிவாய்ச் சொல்லுறன்.

நியூஸ்2 எண்டு, நோயாளியின்ர நிலை கெடுகுதோ எண்டு புள்ளி போட்டுப் பாக்கிற சார்ட்டில் ஆறு விசயம் பாக்கவேணும்: மூச்சு, ஒக்சிஜன் அளவு, மேல் பிரஷர், நாடி, சுயநினைவு, உடம்புச் சூடு. ஒவ்வொன்றுக்கும் 3 வரை புள்ளி. ஒக்சிஜன் குடுத்துக்கொண்டிருந்தால் அதுக்குத் தனியாய் 2. கூட்டினால் 5 வந்தால் அவசரம், 7 வந்தால் உடனடி ஆபத்து. மொத்தம் குறைவாய் இருந்தாலும், ஒரேயொரு வரியில் 3 விழுந்தால் அதையும் நேர்சிடம் சொல்லியாகவேணும்.

கூடப் பிழை விடுகிறது மூச்சு எண்ணிக்கையில்தான். மெஷின் எண்ணித் தராது, அதனால் பாத்துப்போட்டு 16, 18 எண்டு எழுதிவிடுகினம். 12 முதல் 20 வரை புள்ளி 0, ஆனால் 21 ஆனவுடன் நேரே 2, 25 ஆனால் 3. உண்மையில் 22 இருக்கிற ஆளுக்கு 18 எண்டு எழுதினால் ரெண்டு புள்ளி காணாமல் போகுது. உடம்பு கெடத் தொடங்கேக்க அநேகமாய் முதலில் மாறுகிறதும் இதுதான். முழு 60 செக்கன் எண்ணுங்கோ. எண்ணுறன் எண்டு சொன்னால் மூச்சு மாறும். நாடி பாக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு நெஞ்சைப் பாருங்கோ.

பிரஷர் கஃப் (கையில் சுற்றிக் கட்டுற பட்டி) சின்னதெண்டால் அளவு கூடிக் காட்டும், பெரிசெண்டால் குறைச்சுக் காட்டும். உடுப்புக்கு மேல கட்டக்கூடாது, கை இதய மட்டத்தில் இருக்கவேணும். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிசுக்காக ரத்தக்குழாய்களை இணைச்ச இடம்) உள்ள கை, மார்பு ஒப்பரேசனில் அக்குள் நிணநீர்க் கட்டி எடுத்த பக்கத்துக் கை: இந்த ரெண்டிலயும் கட்டவே கூடாது. கட்டிலுக்கு மேல போர்டு இருக்கும் எண்டு நம்பாமல் கேட்டுப்போட்டுக் கட்டுங்கோ.

ஒக்சிஜன் கிளிப்பை, கஃப் கட்டின கையில் போட்டால் கஃப் இறுகேக்க அளவு விழும். நகப்பூச்சு, குளிர்ந்த விரல், நடுக்கம் எல்லாம் குழப்பும். எங்கட மாதிரிக் கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையை விடக் கொஞ்சம் கூடக் காட்டக்கூடும். ஆள் இழுத்து மூச்சு விட்டால், இலக்கம் 96 எண்டாலும் சொல்லுங்கோ. நாடி ஒழுங்கில்லாமல் இருந்தால் மெஷினை விட்டுவிட்டுக் கையால் ஒரு நிமிசம் எண்ணுங்கோ.

சுயநினைவு வரியில் புதுக் குழப்பத்துக்கும் 3 புள்ளி. நேற்று ஒழுங்காய்க் கதைச்சவர் இண்டைக்கு மகளைத் தெரியாது எண்டால், வயசு போனவர்தானே எண்டு விடாதேங்கோ. பழைய மறதியா, புதிசா எண்டு பாக்க வாற ஆக்களைக் கேட்டால் தெரியும்.

சி.ஓ.பி.டி. எண்ட நாள்பட்ட நுரையீரல் வருத்தம் உள்ள சிலருக்கு ஒக்சிஜன் இலக்கு 88 முதல் 92 வரை. அவைக்கு சார்ட்டில் வேற அளவுகோல். எந்த அளவுகோல் எண்டு தீர்மானிக்கிறது டொக்டர்மார் வேலை, நீங்கள் மாத்தக்கூடாது.

செல்வி_நைட்ஷிஃப்ட்:
ஆப்ஸ் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், உடம்பைக் கையாள்வது பற்றி நான் சேர்க்கிறேன்.

அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குவது ஊரில் எல்லாரும் செய்வது. இங்கே அது தடை. நோயாளியின் தோள் மூட்டு விலகும், உங்கள் முதுகும் போகும். படுக்கையில் மேலே நகர்த்த ஸ்லைட் ஷீட் (வழுக்கும் விரிப்பு), இரண்டு பேர். இழுத்து நகர்த்தினால் பின்பக்கத் தோல் உரியும். ஹாய்ஸ்டில் (ஆளைத் தூக்கும் இயந்திரம்) புதியவர்கள் குழம்புவது பிரேக்கில்: கட்டில், சக்கர நாற்காலி இரண்டுக்கும் பிரேக் போட வேண்டும், ஆளைத் தூக்கும்போது ஹாய்ஸ்ட் தானாக நடுமையத்துக்கு நகர இடம் வேண்டும் என்பதால், தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை அதன் சக்கரங்களுக்கு பிரேக் போடுவதில்லை. ஸ்லிங் (ஆளைத் தாங்கும் துணித் தொட்டில்) அளவு கேர் பிளானில் இருக்கும், கண்ணளவில் எடுக்கக் கூடாது.

திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் குதிகால், வால் எலும்பு, இடுப்பு பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும்; வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கல் போன்ற இறுக்கம், ஊதா நிறம், வலி இவற்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது, சேதம் கூடும்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குக் கலக்கும் கெட்டிப்படுத்தும் பவுடரைக் கட்டில் பக்கத்து மேசையில் விட்டுப் போகவே கூடாது. வெறும் பவுடரை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் கட்டிக்கொண்டு மூச்சடைக்கும்.

ஃப்ளூயிட் சார்ட்டில் "டீ குடித்தார்" என்று எழுதினால் பயனில்லை. எத்தனை மில்லி உள்ளே போனது, மீதி எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதுதான் வேண்டும். கப்பின் கொள்ளளவை ஒருமுறை அளந்து தெரிந்துகொள்ளுங்கள், வார்டுக்கு வார்டு மாறும்.

மதுரைப்பொண்ணு:
ரொம்ப நன்றி. பணம் கட்டவில்லை. ஒரு சின்னக் கேள்வி: தாலி, வளையல், கைக்கயிறு எல்லாம் கழற்றச் சொல்வார்களா?

செல்வி_நைட்ஷிஃப்ட்:
முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. வளையல், வாட்ச், கோயில் கயிறு எல்லாம் போக வேண்டும். கல் பதிக்காத ஒரு மோதிரம் மட்டும் பொதுவாக விடுவார்கள். தாலிக்கு ஒவ்வொரு டிரஸ்டின் உடை விதி ஒவ்வொரு மாதிரி, சேரும் முன்பே கேளுங்கள். வெளியே தொங்கினால் நோயாளி பிடித்து இழுக்கும் ஆபத்து உண்டு என்பதால்தான் கேட்பது. இன்னொன்று, சி.டிஃப் (ஒரு குடல் பாக்டீரியா), நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு இருக்கும் அறையில் ஜெல் போதாது, சோப்பும் தண்ணீரும்தான்.