சூப்பர் ஃப்ரெண்ட்ஸ் எதிர் லீஜன் ஒஃப் டூம்: கொழும்பில நீங்க இவையை எங்க சந்திச்சனீங்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கோ

கடக்கரை_குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். கன நாளாக் கேக்க நினைச்ச விசயம் இது. 1978ல ஹன்னா பார்பரா கொம்பனி செய்த சலெஞ்ச் ஒஃப் த சூப்பர் ஃப்ரெண்ட்ஸ் கார்ட்டூன் இருக்கெல்லோ, ஒரு பக்கம் சூப்பர்மேன் பேட்மேன் வொண்டர் வுமன் ஆக்கள் எண்டு 11 பேர், மற்றப் பக்கம் லீஜன் ஒஃப் டூம் எண்ட பேரில லெக்ஸ் லூதரோட சேத்து 13 வில்லன்மார், அதைக் கொழும்பில இருந்து பாத்த ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ? அதுதான் வேணுமெண்டில்லை, பிறகு வந்த ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூன், பழைய கொமிக்ஸ், பொம்மை, எது எண்டாலும் எழுதுங்கோ.

என்ர கதையைச் சொல்லுறன். நாங்கள் வெள்ளவத்தை, கடக்கரைப் பக்க ஒழுங்கை. கனடாச் சித்தப்பா ஆரிட்டயோ ஒரு வீடியோ கசற் குடுத்துவிட்டவர், ரீவில ஓடேக்க அப்பிடியே றெக்கோட் பண்ணினது, நடுவில நடுவில பனிக்காலச் சப்பாத்து விளம்பரமெல்லாம் வரும், அதையும் நாங்கள் விடாமப் பாப்பம். பிரச்சினை என்னெண்டா அங்கத்தையக் கசற் என்.ரி.எஸ்.சி (NTSC) எண்ட முறை, எங்கட வீடியோ டெக் பால் (PAL) எண்ட வேற முறை, அதால படம் கறுப்பு வெள்ளையாத்தான் வரும். சில நேரம் மேல இருந்து கீழ உருளத் தொடங்கும், ரீவிக்குப் பின்னால ஒரு சின்னத் திருகி இருக்கு, ஒரு ஆள் அதைப் பிடிச்சுத் திருகிக்கொண்டே நிக்கவேணும், அந்த ஆளுக்குப் படம் தெரியாது, மற்ற ஆக்கள் கத்திக் கத்திக் கதை சொல்லவேணும். கிறீன் லான்ரேன் எண்ட ஹீரோ எனக்குக் கன வருசம் சாம்பல் கலர் லான்ரேன்தான். அவருக்கும் சினெஸ்ட்ரோ எண்ட வில்லனுக்கும் மோதிரச் சண்டை வந்தா ஒண்டு பச்சை ஒண்டு மஞ்சள் எண்டு பிறகுதானே தெரியும், எங்கட ரீவில ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம், ஆர் அடிக்கிறான் ஆர் வாங்கிறான் எண்டு விளங்காது.

எனக்கு அப்பவும் வில்லன்மாரைத்தான் பிடிக்கும், இப்பவும் அப்பிடித்தான். ஏனெண்டா அவையின்ர கூட்டம். சேத்துக்குள்ள இருந்து கறுப்பா தலைக்கவசம் மாதிரி ஒரு கட்டடம் எழும்பும், உள்ள எல்லாரும் மேசையைச் சுத்தி இருப்பினம், லூதர் திட்டத்தை வாசிப்பான், க்ரொட் எண்ட கொரில்லா வில்லன் நொட்டை சொல்லுவான், பிறகு எல்லாம் பிழைச்சாப்பிறகு ஆளையாள் பேசுவினம், கடைசி நிமிசத்தில எங்கேயோ ஒரு பட்டனை அமத்தித் தப்பிப் போயிருவினம், அடுத்த கிழமை திருப்பியும் அதே மேசை அதே முகங்கள். இப்ப எங்கட ஃப்ளாட்டில லிஃப்ற் திருத்திற காசுக்குக் கமிற்றிக் கூட்டம் போட்டா அச்சொட்டா இதே சீன்தான் நடக்குது, லூதர் ஆரெண்டு இங்க எழுதினா நான் வீட்டை போகேலாது. ஹீரோமார் ஆளுக்காள் சண்டை பிடிக்கிறதே இல்லை, எல்லாத்துக்கும் சரி சரி எண்டு கொண்டு பறப்பினம். அப்பிடி ஒரு கூட்டத்தை நான் எங்கயும் கண்டதில்லை.

நிரோ_கொட்டாஞ்சேனை:
குமரன் அண்ணா, அந்தக் கறுப்பு வெள்ளைக் கதை சூப்பர் 😂

நான் உங்க காலத்துக்குப் பிந்தி. 2001ல வந்த ஜஸ்டிஸ் லீக்தான் என்னோடது, கேபிள்ல கார்ட்டூன் நெட்வொர்க் வரும், டியூசன் விட்டு ஓடி வந்து பாப்பேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க, ஹீரோக்கள் சண்டை போடுறதில்லன்னு நீங்க சொன்னது இந்தத் தொடருக்கு சரி வராது. ஹோக்கேர்ள்னு ஒருத்தி இருப்பா, செட்டை வச்சவ, கையில ஒரு கதாயுதம், எனக்கு அவதான் உயிர், ஸ்கூல் கொப்பி அட்டை எல்லாம் அவ படம்தான் கீறி வச்சிருந்தேன். ரெண்டாவது சீசன் முடியுற கதையில, 2004ல, அவ உண்மையில அவ கிரகத்து ஆட்களுக்கு உளவு பாக்க வந்தவன்னு தெரிய வரும். பூமியை அழிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் தன் சொந்த ஆட்களுக்கே எதிரா நிப்பா, ஆனா அதுக்குள்ள நடக்க வேண்டியது எல்லாம் நடந்து முடிஞ்சிருக்கும். இவளை லீக்ல வச்சிருக்கிறதா இல்லையான்னு மத்தவங்க ஓட்டுப் போடுவாங்க, முடிவை சொல்லப் போற நேரம் அவ கேக்காமலே ராஜினாமா பண்ணிட்டுப் போயிருவா. எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல, அம்மா பரீட்சை ரிசல்ட் தான் ஏதோன்னு பயந்துட்டாங்க.

அதனால எனக்கு லீஜன் ஒஃப் டூம் மாதிரி வேலி போட்ட மாதிரிப் பிரிச்சு வைக்கிற கதைங்க பெருசா ஒட்டல. சூப்பர் ஃப்ரெண்ட்ஸை நான் யூடியூப்லதான் பாத்தேன், சிரிப்பு வருது, கோவிக்காதீங்க.

கடக்கரை_குமரன்:
கோவம் ஒண்டும் இல்லைத் தங்கச்சி, சிரிக்கத்தானே செய்தவங்கள். ஆனா லீஜனின்ர எல்லாத் திட்டத்தையும் சிரிச்சுத் தள்ளாதேங்கோ. ஒரு கதையில லூதர் கனவை ஆட்டுவிக்கிற மெஷின் ஒண்டை வச்சு, சூப்பர் ஃப்ரெண்ட்ஸை நித்திரையில எழும்பிப் போய்க் களவெடுக்கப் பண்ணுவான், விடிய உலகமே அவையைத் தேடும். இன்னொண்டில காலத்தில பின்னுக்குப் போய் சூப்பர்மேன் வந்த ரொக்கெட்டை வேற கிரகத்துக்குத் திருப்பி விட்டிருவினம், வொண்டர் வுமன் வெல்ல வேண்டிய போட்டியில சீற்றா எண்ட வில்லி போய் வெண்டு போடுவாள். சண்டையே பிடிக்காம ஆளையே இல்லாமப் பண்ணுறது. எட்டு வயசில அதைப் பாத்திட்டுப் பயந்துதான் போனன்.

ரஸ்மி_மருதானை:
மச்சான்மார் நான் கார்ட்டூன் பாத்தது கொறவு, எனக்கிட்ட ஈந்தது பொம்மைகள். குவைத் சண்டைக்கு முந்தி எங்கட வாப்பா அங்க வேல செஞ்சாரு, லீவுக்கு வந்த நேரம் சூப்பர் பவர்ஸ் பொம்மை ரெண்டு கொண்டு வந்தாரு, கென்னர் கொம்பனிட, 1984ல இருந்து வந்த சாமான். கால் ரெண்டையும் சேத்து நெரிச்சா கை தானா எழும்பி குத்து உடும். ஒண்டு சூப்பர்மேன், மத்தது லெக்ஸ் லூதர், பச்சையும் ஊதாவுமா இரும்புச் சட்ட போட்டவன். சூப்பர்மேன் எனக்கு, லூதர் நானாவுக்கு. ரெண்டையும் மொகத்துக்கு மொகம் வெச்சி ஒரே நேரத்துல நெரிப்போம், எவன் விழுறானோ அவன் தோத்தான். லூதர்ட அந்த இரும்புச் சட்டயால அவன் கனம் கூட, அதால அவன்தான் எப்பவும் நிப்பான். நான் உம்மாட்ட போய் அழுவேன், உம்மா செல்லுவாங்க "நல்லவன் தோக்க மாட்டான் மகன், இன்னொருக்கா வெச்சிப் பாருங்க" எண்டு. இன்னொருக்கா வெச்சாலும் லூதர்தான்.

இப்ப அந்தப் பொம்மைகளுக்கு வெளிநாட்டுல நல்ல வெல போகுதாம். எங்கட லூதரும் சூப்பர்மேனும் எங்க போச்சோ, நானாட்ட கேட்டா சிரிக்கிறார்.

சும்மா ஒரு கேள்வி, இந்த லீஜன்ல ஏன் ஜோக்கர் இல்ல? பேட்மேன்ட எதிரி ஆக்கள் எண்டா ரிட்லரும் ஸ்கெயர்குரோவும் மட்டும் ஈக்கி, பெங்குவினும் இல்ல.

பழைய_புத்தகம்:
ரஸ்மி தம்பி, அது உரிமைப் பிரச்சினை. அந்த நேரம் ஃபில்மேஷன் எண்ட இன்னொரு கொம்பனி தனியா ஒரு பேட்மேன் கார்ட்டூன் செய்துகொண்டிருந்தது, ஜோக்கரும் பெங்குவினும் அவையிட்ட மாட்டுப்பட்டிட்டினம். அதால லீஜனுக்குக் கிடைச்சது மிச்சம் மீதி. அந்த மிச்சத்தை வச்சே இவ்வளவு செய்திருக்கிறாங்கள்.

என்னைக் கேட்டா இந்த ரீவிக் காலத்துக்கு முந்தியே நாங்கள் வில்லன்மாரோட பழகினாக்கள். எழுபதுகளில இந்தியப் புத்தகங்களுக்குக் கட்டுப்பாடு, சிவகாசி முத்து காமிக்ஸ் ஒண்டு கையில கிடைச்சா அது புறக்கோட்டையில இருந்து தெகிவளை வரைக்கும் கை மாறும், அட்டை போயிரும், முதல் பக்கம் போயிரும், கடைசிப் பக்கம் போனாத்தான் சண்டை வரும். இரும்புக்கை மாயாவி அப்ப எங்களுக்கு எல்லாம். பேந்து எண்பதுகளில லயன் காமிக்ஸில ஸ்பைடர் வந்தான், சிலந்தி மனிதன் ஸ்பைடர்மேன் இல்லை, இது இங்கிலாந்துக் கொமிக்ஸ் ஆள், கூர்க் காதும் கறுப்பு உடுப்புமா. அவன் தொடக்கத்தில முழுக் கிரிமினல், உலகத்துக் கள்ளரெல்லாருக்கும் தான்தான் ராசா எண்டு நிண்டவன், பிறகுதான் மனம் மாறிக் கள்ளரைப் பிடிக்க வெளிக்கிட்டவன். அந்த ஸ்பைடருக்குக் கன கதை எழுதினது ஆர் தெரியுமோ? ஜெரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேரில ஒருத்தர். உலகத்திலேயே நல்ல பிள்ளையை உருவாக்கின மனிசன், வயசு போன நேரம் இருந்து ஒரு களவாணிக்குக் கதை எழுதினவர், அதைத்தான் நாங்கள் கொழும்பில இருந்து தமிழில வாசிச்சனாங்கள். எனக்கு அதை நினைக்க நினைக்கப் பகிடியாவும் இருக்கும், அந்த மனிசனில ஒரு மரியாதையும் வரும்.

வில்லன்மார் சங்கம் கட்டிறதும் புதுசில்லை. ஜஸ்டிஸ் லீக் வந்தது 1960ல, ஆனா அதுக்கு முந்தின ஜஸ்டிஸ் சொசைட்டி எண்ட ஹீரோச் சங்கத்துக்கு எதிரா 1947லயே இன்ஜஸ்டிஸ் சொசைட்டி எண்டு ஒண்டைத் தொடங்கிட்டாங்கள்.

ரிஜிபோம்_ராணி:
நான் இங்க எல்லாரையும் விட சின்ன ஆள் போல, ஆனா நான் லீஜன் ஒஃப் டூம்ல மெம்பராவே இருந்திருக்கிறேன் 😎

லங்கா காமிக் கான்ங்கிற காமிக்ஸ் ரசிகர் விழா 2015ல தொடங்கினதில இருந்து வேசம் போட்டுட்டுப் போற ஆக்கள் கூடிட்டுது. எங்க செட்ல ஒரு வருசம் என்ன வேசம்னு யோசிச்சப்ப, பேட்மேன் போட்டா எப்படியும் அங்க பத்து பேட்மேன் நிப்பாங்க, வில்லனா போவோம்னு முடிவு. நான் பிளாக் மான்டா, அக்குவாமேனோட எதிரி. அந்தப் பெரிய ஹெல்மெட்டைத்தான் செய்யணும், ரிஜிபோம் (தெர்மோகோல்) கட்டி ரெண்டை ஒட்டி பாண் வெட்டுற கத்தியால செதுக்கினோம், வீடு முழுக்க வெள்ளைத் தூள், ஃபேன் போடக் கூடாதுன்னு சட்டம். முக்கியமான விசயம், யாராவது செய்யப் போனா கவனிங்க, ரிஜிபோம்ல நேரா ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சா அது கரைஞ்சு குழி விழும், அதனால பேப்பரைக் கிழிச்சுப் பசை பூசி மூணு நாலு படை ஒட்டி நல்லா காய விட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும். கண் ரெண்டும் யோகட் கப் அடியை வெட்டி சிவப்பு செலோபேன் ஒட்டினது. போட்டா எனக்கு முன்னால இருக்கிறது மட்டும்தான் தெரியும், அதுவும் சிவப்பா.

தெகிவளையில இருந்து 101 பஸ்ல போனோம். கொண்டக்டர் ஹெல்மெட்டைப் பாத்துட்டு சிங்களத்துல இது பைக் ஓடவான்னு கேட்டார், இல்ல கடலுக்கு அடியில போறதுக்குன்னு ஃப்ரெண்ட் சொன்னா, அவர் கொஞ்சமும் சிரிக்காம அப்ப இதுக்கு ஒரு சீட் எடுக்கணும்னாரு. பஸ்ஸே சிரிச்சுது.

அங்க போனா முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தர் அக்குவாமேன் வேசத்துல வந்தாரு, செம்மஞ்சள் டீசேர்ட்ல செதில் செதிலா கீறி இருந்தாரு, திரிசூலம் ஃபோயில் பேப்பர் சுத்தினது. என்னைக் கண்டதும் ஒண்ணும் பேசல, திரிசூலத்தைத் தூக்கிட்டு வந்தாரு, நானும் விடல, ரெண்டு பேரும் நடுவுல நின்னு சண்டை, ஆக்கள் போன் எடுத்துப் படம் பிடிக்கிறாங்க. நல்லா போயிட்டிருக்கு, எங்கேயோ இருந்து ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்து அக்குவாமேன் கால்ல ஒரு உதை! என்னைக் காப்பாத்துதாம். அதோட அம்மா வந்து மன்னிப்புக் கேட்டு, அவர் தான் நல்லவர்னு பிள்ளைக்கு விளங்கப்படுத்தப் பாக்குறாங்க, அது ஒத்துக்கவே இல்ல.

கடக்கரை_குமரன்:
ஹாஹா பிள்ளைக்கு விளங்குது. முகமூடியோட கோல் றோட்டில பஸ்ஸேறிப் போறது எண்டா தொண்ணூறுகளில நினைச்சும் பாக்கேலாது தங்கச்சி, ஐடென்ரிட்டிக் காட் இல்லாம பால் வாங்கவே போகாத காலம்.

ஆனா அக்குவாமேனுக்கு உதைச்சதுதான் கவலை. உலகமே அந்த மனிசனை நக்கலடிக்குது, மீனோட கதைக்கிறவன் எண்டு. நாங்கள் தண்டவாளத்தைக் கடந்தாக் கடல் எண்டு வளந்த ஆக்கள், விளையாடேக்க முதல் சண்டை ஆர் அக்குவாமேன் எண்டுதான். கடலைக் கையில வச்சிருக்கிறவனை விட ஆர் பெரிய ஆள்? 96ல மழை இல்லாம நாடு முழுக்கக் கரண்ட் வெட்டினவங்கள் எல்லோ, டெக் இல்லை ரீவி இல்லை, மச்சாள் ஒருத்தி இருட்டுக்குள்ள இருந்து புதுசு புதுசா எபிசோட் சொல்லுவா, கார்ட்டூனில வாற அறிவிப்பாளர் மாதிரிக் குரலை இறக்கி "இதே நேரம், லீஜன் ஒஃப் டூம் தலைமையகத்தில்..." எண்டு. உண்மையில வந்தது 16 எபிசோட்தான். மச்சாள் சொன்னது அதை விடக் கூட.

நிரோ_கொட்டாஞ்சேனை:
சரி நானும் ஒரு வில்லன் கதை சொல்லிட்டுப் போறேன். ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் கடைசி சீசன்ல க்ரொட் ஒரு வில்லன் கூட்டம் சேப்பான், அதுவும் சேத்துக்குள்ளதான், பழைய லீஜனுக்கு ஒரு மரியாதை மாதிரி. அதுல ஒரு கதை, வேகமா ஓடுற ஹீரோ ஃப்ளாஷும் லூதரும் உடம்பு மாறிப்பாங்க. ஃப்ளாஷோட உடம்புல இருக்குற லூதர், அப்பாடா இப்பவாவது இவன் யாருன்னு பாப்போம்னு கண்ணாடி முன்னால நின்னு முகமூடியைக் கழட்டுவான். கழட்டிட்டுப் பாத்தா யாருன்னே தெரியாது அவனுக்கு! நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தப் பக்கம் லூதர் உடம்புல இருக்குற ஃப்ளாஷ் டொய்லெட் போயிட்டு கை கழுவாம வருவான், ஏன்னு கேட்டா நான் கெட்டவன்ல, அதான்னு சொல்லுவான். ஃப்ளாஷுக்குக் குரல் குடுத்த மைக்கல் ரோசன்பாம்தான் ஸ்மோல்வில் நாடகத்துல லெக்ஸ் லூதரா நடிச்சவர், அது தெரிஞ்சு பாத்தா இன்னும் நல்லா இருக்கும்.

கடைசி எபிசோட்ல டார்க்சைட்ங்கிற பெரிய வில்லன் படையோட பூமிக்கு வரும்போது வில்லன்களும் ஹீரோக்களோட நின்னு அடிப்பாங்க. எல்லாம் முடிஞ்சதும் அவங்களுக்குக் கிடைக்கிற நன்றி என்ன தெரியுமா, ஓடித் தப்ப அஞ்சு நிமிசம். அஞ்சே நிமிசம்!

பழைய_புத்தகம்:
அதுவே கூட பிள்ளை. அவங்கள் பூமியைக் காப்பாத்தினது தாங்கள் கொள்ளையடிக்க ஒரு பூமி வேணுமெண்டு.

ரஸ்மி_மருதானை:
அஞ்சு நிமிஷம் எண்டா எங்கட லூதர் மருதானைல இருந்து பொரளைக்கும் போயிருக்க மாட்டான், அந்த ட்ராஃபிக்ல 😂

கடக்கரை_குமரன்:
கூகிள் பாக்காம 13 பேரையும் சொல்ல ஏலுமோ ஆருக்கும்? நான் காலமை இருந்து யோசிக்கிறன். லூதர், க்ரொட், பிரெய்னியாக், சினெஸ்ட்ரோ, பிசாரோ, சொலமன் கிரண்டி, சீற்றா, ஜிகான்ரா, பிளாக் மான்ரா, கப்ரின் கோல்ட், ரிட்லர், ஸ்கெயர்குரோ. பன்ரெண்டுக்கு மேல வருதில்லை.

ரஸ்மி_மருதானை:
டோய்மேன் மச்சான். சூப்பர் ஃப்ரெண்ட்ஸ பிள்ளைகள்ட கதப் புத்தகத்துக்குள்ள அனுப்பிப் பூட்டினானே, அவன். அந்த 13 பேர்லயும் உண்மைல மூள ஈக்கிறவன் அவன்தான், அவனத்தான் எல்லாரும் மறக்கிற.