மட்டி தோண்டும் கரையில் ஒரு எஸ்டிபி: உங்கள் அனுபவம் என்ன?

குழாய்க்காரன் (வான்கூவர்)

கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், நூ-சா-நுல்த் பழங்குடியினர் வாழும் ஓர் ஊரில் எஸ்டிபியை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) மாற்றிக் கட்டும் வேலையில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சாலை கிடையாது. படகு, இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம். சிமென்ட் முதல் நட்டு போல்ட் வரை பார்ஜில்தான் (தட்டையான சரக்குப் படகு) வரும். கடல் கொந்தளித்தால் அதுவும் வராது.

முன்பு இருந்தது ஒரு பெரிய செப்டிக் டேங்க், அதிலிருந்து கடலுக்குள் ஒரு குழாய். அவ்வளவுதான். கனடாவில் இப்படிப்பட்ட குழாய் வாயைச் சுற்றி 300 மீட்டருக்குள் மட்டி எடுக்கத் தடை. அந்த வட்டத்தை மேப்பில் போட்டு ஊர்க் கூட்டத்தில் காட்டினோம். ஒரு பாட்டி எழுந்து வந்து, வட்டத்துக்குள்ளே ஒவ்வொரு இடமாக விரல் வைத்து, இது இன்னார் குடும்பம் தோண்டும் கரை, இது இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டே போனார். எங்கள் மேப்பில் அங்கே வெறும் மணல். குழாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற பேச்சு அதற்கப்புறம்தான் உருப்படியாக நடந்தது.

2012இல் வந்த மத்திய விதிப்படி வெளியே விடும் தண்ணீரில் சிபிஓடி (கரிம அழுக்கைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), டிஎஸ்எஸ் (கலந்திருக்கும் திடத் துகள்கள்) இரண்டுமே சராசரியாக லிட்டருக்கு 25 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வெறும் செப்டிக் டேங்க் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆலோசகர்கள் எம்பிஆர் போடலாம் என்றார்கள்; கிருமிகள் அழுக்கைத் தின்ற பிறகு தண்ணீரை மெல்லிய சவ்வில் வடிகட்டும் முறை அது. தண்ணீர் பளிங்கு மாதிரி வரும், மறுக்கவில்லை. ஆனால் சவ்வை மருந்து போட்டுக் கழுவ வேண்டும், முன்னால் நுண்சல்லடை வேண்டும், ஒரு சென்சார் போனாலும் நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும். கடைசியில் முடிவானது ஆர்பிசி, அதாவது சுழல்தட்டு முறை. தட்டுகள் மெதுவாகச் சுழலும், அதில் படிந்த கிருமிகள் வேலையைப் பார்க்கும். கெட்டால் மோட்டார், பேரிங், அவ்வளவே. கடைசிக் கட்டமாக, மிச்சக் கிருமிகளைக் கொல்ல யுவி (புற ஊதா) விளக்கு. இந்த மாதிரி ஊருக்கு நான் எப்போதும் ஆர்பிசி கட்சிதான்.

மழைதான் பெரிய தலைவலி. அந்தக் கரையில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். விரிசல் விட்ட பழைய குழாய்கள் வழியாக மழைத் தண்ணீரெல்லாம் சாக்கடைக்குள் வந்துவிடும். குழாய்களை மாற்றாமல் எஸ்டிபியை மட்டும் பெரிதாக்குவது காசுக்குப் பிடித்த கேடு.

பனிக்கரடி

அண்ணா, உங்களுக்குக் குழாயாவது இருந்தது! நான் இருந்தது கனடாவின் வடகோடியில், நுனாவுட்டில், இனுவிட் பழங்குடி மக்களின் ஊர். பெரும்பாலான ஊர்களில் வீட்டுக்கு வீடு தொட்டிதான், லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். பனிப்புயல் அடித்தால் லாரி வராது. கழிவுத் தொட்டி நிரம்பினால் வீட்டுத் தண்ணீர் பம்ப் தானாகவே நின்றுவிடும். குளிக்கப் போனவர் சோப்பு நுரையோடு நிற்க வேண்டியதுதான். எல்லாம் போய்ச் சேர்வது திறந்த குட்டைக்கு. குளிர்காலம் முழுக்க அது பனிக்கட்டி. கோடைக் கடைசியில்தான் திறந்துவிடுவார்கள். கட்டுமானச் சாமான் வரும் கப்பலும் கோடையில் மட்டும்தான். ஒரு வால்வை ஆர்டர் செய்ய மறந்தால் அடுத்த வருடம்.

ஒரு கேள்வி: ஆபரேட்டர் லீவில் போனால் அங்கே யார் பார்த்துக்கொண்டார்கள்?

குழாய்க்காரன்

யாரும் இல்லை, தம்பி. ஈரத் துடைப்புத்தாள் பம்பில் சுற்றிக்கொண்டால், மீன் அறுக்கும் கத்தியால் அதை அறுத்தெடுத்தவர் அந்த ஆபரேட்டர் ஒருவர்தான். பிறகு அவருடைய அக்கா மகனும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினான். ஆனால் எஸ்டிபி கட்டக் காசு தந்தவர்கள் இரண்டாவது ஆள் சம்பளத்துக்கு ஒதுக்கவில்லை. நான் கிளம்பும்வரை பையன் பாதி நாள் எஸ்டிபியில், மீதி நாள் மீன்பிடிப் படகில்.