டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு இலக்கியம் படித்தவரை எடுக்கலாமா?

மேகவர்ணன்:
எங்கள் கம்பெனி பம்புக் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிறது. பயனர் கையேடு எழுத ஆள் தேடி, கடைசியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் எட்டு வருடம் புரோகிராம் எழுதியவர், ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும். இன்னொருவர் எம்.ஏ. ஆங்கில இலக்கியம். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்றால் என்ன என்று என்னிடமே கேட்டார். என் ஓட்டு முதலாமவருக்கு. மொழியை எடிட்டர் திருத்திக்கொள்வார், பொருள் தெரியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தாழம்பூ:
சொல்லிக்கொடுங்கள், அவ்வளவுதான். நானும் இலக்கியம் படித்துவிட்டு வந்தவள்தான், பதினொரு வருடமாக இதே வேலை. சேர்ந்த புதிதில் ஒரு பொறியாளர் எழுதிய கையேட்டைக் கையில் கொடுத்தார்கள். ஆறாவது படி: ‘வால்வைத் திறக்கவும்.’ ஏழாவது படி: ‘வால்வைத் திறக்கும் முன் அழுத்தத்தை வெளியேற்றவும்.’ எழுதியவருக்கு அந்த மெஷின் தலைகீழ்ப் பாடம், அதனால் இது அவர் கண்ணில் படவே இல்லை. ஒரு கையில் ஸ்பானரும் மறுகையில் காகிதமுமாக நிற்பவன் ஏழுக்கு வருவதற்குள் முகத்தில் வாங்கியிருப்பான்.

பழைய_ஃபிட்டர்:
அக்கா, அதைக் கண்டுபிடிக்க ஷேக்ஸ்பியர் தேவையில்லை, ஒருமுறை வால்வைத் திறந்து பார்த்திருந்தால் போதும். நான் கையேடு படித்து வேலை செய்தவன். ‘போல்ட்டைப் போதிய இறுக்கத்துடன் பொருத்துவதை உறுதிசெய்க’ என்று அழகாக எழுதியிருப்பார்கள். போதிய என்றால் எத்தனை நியூட்டன் மீட்டர்? எழுதியவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாக்கியம் நன்றாக இருந்தது, போல்ட்தான் முறிந்தது.

தாழம்பூ:
சரி, அது மோசமான ரைட்டர். ஆனால் பொருள் தெரிந்தவர்கள் மட்டுமே எழுதினால் என்ன ஆகும் என்பதற்குத் தெராக்-25 இருக்கிறது. கனடாவில் தயாரான கதிர்வீச்சுச் சிகிச்சை மெஷின். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்து, சிலர் இறந்தே போனார்கள். 1986-இல் டெக்சாஸில் நடந்த விபத்தின்போது திரையில் வந்தது ‘மால்ஃபங்ஷன் 54’, அவ்வளவுதான். ஆபரேட்டரின் கையேட்டில் அதற்கு விளக்கம் கிடையாது. அளவு கூடினாலும் குறைந்தாலும் அதே 54. ஆபரேட்டர் ‘பி’ விசையை அழுத்தித் தொடர்ந்தார், இரண்டாவது முறையும் பாய்ந்தது.

நள்ளிரவுக்_கோடர்:
இதை எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே கோளாறு மென்பொருளில். ஆபரேட்டர் திரையில் உள்ளிட்டதை வேகமாகத் திருத்தினால் மெஷின் அதைச் சரியாகக் கவனிக்காது. முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்புகளையும் எடுத்துவிட்டார்கள். கையேட்டைத் தேனாக எழுதியிருந்தாலும் அந்தக் கதிர் நின்றிருக்காது.

தாழம்பூ:
நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லையே தம்பி. ‘54 வந்தால் ஆபரேட்டர் என்ன செய்யணும்?’ என்று ஒன்றும் தெரியாத ஒருத்தி கேட்டிருந்தால், யாராவது உட்கார்ந்து பதில் எழுத வேண்டி வந்திருக்கும். தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி கேட்க வெட்கம்.

நள்ளிரவுக்_கோடர்:
பதில் வந்தால் அது சரியா தப்பா என்று அந்த ஒருத்திக்கு எப்படித் தெரியும்? ‘டோஸ் உள்ளீட்டுப் பிழை’ என்று சொன்னால் அதையே இலக்கணம் திருத்திப் போட்டுவிட்டுப் போவார். நான் தினமும் பார்க்கிற கூத்து இது.

பழைய_ஃபிட்டர்:
இதில் தம்பி சொல்வது சரி. இன்னொன்று. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு எஸ்டிஇ (சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்) என்று ஒரு கட்டுப்பாட்டு ஆங்கிலம் உண்டு. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டும், விதியைக் கடைப்பிடிக்கச் சொல்ல ‘ஒபே’ போட வேண்டும். வார்த்தை திரும்ப வந்தால் அழகு கெடும் என்று வளர்ந்தவர்களுக்கு இது ஜெயில்.

தாழம்பூ:
ஜெயில்தான். முதல் ஆறு மாதம் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் நாலு தடவை எழுதக் கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது. ஆனால் ஒரு சொல் இரண்டு பொருளில் வழுக்குகிறது என்று மோப்பம் பிடிக்க, சொற்களோடு புழங்கியிருக்க வேண்டுமே. வர்ணன் சார், இருவருக்கும் தேர்வு வைத்தீர்களா?

மேகவர்ணன்:
நேற்று வைத்தேன். ஒரு கருவியைக் கொடுத்து, முதல்முறை இயக்கும் விதத்தை ஒரு மணி நேரத்தில் எழுதச் சொன்னேன். புரோகிராமர் மூன்று பக்கம் கொடுத்தார், பிழை இல்லை. ஆனால் ஆரம்பமே உள்ளே சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்பதுதான், சுவிட்ச் போடுவது இரண்டாம் பக்கத்தில் வருகிறது. அந்தப் பெண் அரைப் பக்கம்தான் எழுதினார். மீதி நேரமெல்லாம் கேள்வி. அதில் ஒன்று: ‘சிவப்பு விளக்கு எரிந்தால் பம்பு ஓடுகிறதா, நின்றுவிட்டதா?’ இந்தக் கருவியை வடிவமைத்தவனே நான்தான். பதில் சொல்ல சர்க்யூட் வரைபடத்தை எடுக்க வேண்டியிருந்தது.

பழைய_ஃபிட்டர்:
அது சரி, அந்த அரைப் பக்கத்தைப் படித்துக் கருவியை யாராவது இயக்கிப் பார்த்தீர்களா?

மேகவர்ணன்:
இல்லை. நாளைக்குக் கடைநிலை ஊழியர் ஒருவரிடம் இரண்டு தாளையும் கொடுத்துப் பார்க்கிறேன்.